இருந்து வேலை செய்த ஒருத்தி

கொஞ்சம் நீளமான பதிவு. கொமிக்ஸ் பற்றியது. "சேருக்கு வேறு வேலை இல்லையா" என்று நினைப்பவர்கள் தாராளமாகக் கடந்து போகலாம்.

போன வாரம் இடைவேளையில் ஒன்பதாம் தர மாணவன் ஒருவன் வந்து கேட்டான்: "சேர், புது சுப்பர்மேன் படத்தில எல்லாரும் வேற ஆக்கள். பழைய கதைக்கு என்ன நடந்த?" 2025இல் வந்த படத்தைத்தான் சொல்கிறான். பழைய படங்களோடு தொடர்பில்லாமல் புதிதாகத் தொடங்குகிறார்கள் என்று சொன்னேன். "அப்ப நாங்க பார்த்ததெல்லாம் நடக்கல்லியா?" என்றான். மணி அடித்துவிட்டது. அவன் போய்விட்டான். நான் 2011க்குப் போய்விட்டேன்.

எங்கள் வீட்டுக்குக் கொமிக்ஸ் வந்த வழி வித்தியாசமானது. மாமா கட்டாரில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை பார்த்தார். வெள்ளைக்காரர்கள் வாசித்துவிட்டு அறையில் விட்டுப்போகும் புத்தகங்களைச் சேர்த்து வைத்து, லீவில் வரும்போது பால்மா டின்னுக்கும் சவர்க்காரத்துக்கும் இடையில் வைத்துக் கொண்டுவருவார். மூன்றாம் பாகம் இருக்கும், முதல் பாகம் இருக்காது. முடிவு அடுத்த மாதம் என்று போட்டிருக்கும், எங்களுக்கு அடுத்த மாதம் என்பது மாமாவின் அடுத்த லீவு. நடுவில் உள்ளதை நானும் ராத்தாவும் கற்பனையில் நிரப்பிக்கொள்வோம். தமிழில் இரும்புக்கை மாயாவி வாசித்துப் பழகிய எங்களுக்கு இங்கிலீஷ் வரத் தொடங்கியது இப்படித்தான்.

ராத்தா ஓ.எல். எடுக்க இருந்த வருடம் அவர் வந்த ஓட்டோ குடை சாய்ந்தது. முதுகெலும்பில் அடி. அதன் பிறகு சக்கர நாற்காலிதான். வகுப்பு மாடியில் இருந்தது. கீழே மாற்றித்தரச் சொல்லி வாப்பா எத்தனையோ தடவை நடந்தார். "பார்ப்போம்" என்றார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ராத்தா படிப்பை விட்டார். அதைப்பற்றி இதற்கு மேல் எழுதினால் எனக்குக் கோபம் வரும்.

அந்தக் காலத்தில் மாமா கொண்டுவந்த கட்டில் 'பேர்ட்ஸ் ஒஃப் ப்ரே' இரண்டு மூன்று இருந்தன. அதில்தான் ராத்தா பார்பரா கோர்டனைக் கண்டார்.

தெரியாதவர்களுக்காக: பார்பரா, பெட்மேன் கதைகளில் வரும் பொலிஸ் கமிஷனரின் மகள். நூலகர். இரவில் பெட்கேர்ள். 1988இல் அலன் மூர் எழுதி பிரையன் போலண்ட் வரைந்த 'த கில்லிங் ஜோக்' கதையில் ஜோக்கர் அவளைச் சுடுகிறான். இடுப்புக்குக் கீழே இயங்காது. அந்தக் கதைக்கு அவள் அவ்வளவுதான் தேவை, அவளுடைய வாப்பாவையும் பெட்மேனையும் வேதனைப்படுத்துவதற்கு. ஆனால் ஜோன் ஒஸ்ட்ராண்டர், கிம் யேல் என்ற கணவன் மனைவி எழுத்தாளர்கள் அவளை அப்படியே விட்டுவிட விரும்பவில்லை. அடுத்த வருடமே 'ஒரக்கிள்' என்ற பெயரில் கொண்டுவந்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு, கொம்பியூட்டர்களுக்கு நடுவில், எல்லா ஹீரோக்களுக்கும் தகவல் கொடுப்பவள். வெளியே பிளாக் கெனரி சண்டை போடுவாள், காதுக்குள் வழி சொல்வது ஒரக்கிள். பெட்மேனே அவளிடம்தான் கேட்பார்.

இருபது வருடத்துக்கும் மேலாக அவள் அப்படியே இருந்தாள். மந்திரம் தந்திரம் நிறைந்த உலகத்தில் அவளை மட்டும் யாரும் குணமாக்கவில்லையே என்று சிலர் கேட்டதுண்டு. ராத்தா கேட்டதில்லை.

2004க்குப் பிறகு எங்கள் வீட்டு முன்னறையில் ராத்தா ஒரு கொமியுனிகேஷன் போட்டார். ஐ.டி.டி. கோல், போட்டோ கொப்பி, பிறகு ஒரு பழைய கொம்பியூட்டரில் விண்ணப்பங்கள், பயோடேட்டா. வெளிநாட்டில் இருக்கும் கணவன்மார் கோல் எடுத்து "இன்னாரக் கொஞ்சம் கூப்பிடுங்க" என்பார்கள். யாருக்கு எங்கே வேலை, எந்த ஏஜென்சி ஏமாற்றுகிறது, எந்த ஒபிசில் எந்தப் படிவம், எல்லாம் ராத்தாவுக்குத் தெரியும். ஊரே வந்து கேட்கும். மேசைக்கு மேலே சுவரில் ஒரக்கிளின் ஒரு பக்கம் ஒட்டியிருந்தது. வந்தவர்கள் யாரோ நடிகை என்று நினைத்தார்கள்.

2011இல் நான் ஆசிரியர் பயிற்சிக்காகக் கலாசாலையில் இருந்தேன். அந்த வருடம் டீசி நிறுவனம் தன் உலகம் முழுவதையும் மறுபடி தொடங்கியது. 'பிளாஷ்பொயிண்ட்' என்ற கதையில் பிளாஷ் காலத்தைக் குழப்ப, அதன் முடிவில் எல்லாம் மாறிவிடுகிறது. 52 தொடர்கள், எல்லாம் இலக்கம் 1. 1938இலிருந்து வந்த 'எக்‌ஷன் கொமிக்ஸ்' 904 வரை வந்து, மீண்டும் 1. 1996இல் நடந்த சுப்பர்மேன், லோயிஸ் கல்யாணம் நடக்கவே இல்லை என்றானது. கால் நூற்றாண்டாகப் பிளாஷாக இருந்த வோலி வெஸ்ட், மனைவி பிள்ளைகளோடு காணாமல் போனான். சாகவில்லை, அப்படி ஒருவன் இருந்ததே இல்லை. அதே நேரம் சுப்பர் ஹீரோக்கள் உலகுக்குத் தெரியவந்தே ஐந்து வருடம்தான் என்றும் சொன்னார்கள். அதற்குள் பெட்மேனுக்கு நான்கு ரொபின், நான்காவது அவருடைய பத்து வயது மகன். கணக்குப் பாடம் எடுப்பவன் என்பதால் இது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பார்பரா ஒரு சத்திரசிகிச்சையில் குணமாகி, எழுந்து நடந்து, மறுபடி பெட்கேர்ள் ஆனாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன். நெட் கபேயில் படத்தைப் பார்த்ததும் ராத்தாவுக்குக் கோல் எடுத்தேன். "ராத்தா, பார்பரா நடக்கிறா!" என்றேன். நல்ல செய்தி சொல்வதாக நினைப்பு.

அந்தப் பக்கம் போட்டோ கொப்பி மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னார்:

"தம்பி, நடக்கிற பொம்புளைகள் அந்தக் கதைகள்ல எத்தினையோ பேர் இரிக்காங்க. இருந்து வேல செய்தவ ஒருத்திதான் இரிந்தா. அவவையும் எழுப்பிட்டாங்களா?"

எனக்குப் பதில் இல்லை. இன்றும் சரியான பதில் இல்லை.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. 904ஆம் இலக்கத்தைக் கடையில் காணும் பன்னிரண்டு வயதுப் பையன் எங்கிருந்து தொடங்குவான்? விற்பனையும் ஆரம்பத்தில் நன்றாகத்தான் ஏறியது. புதிய பெட்கேர்ளை எழுதியதும், முன்பு ஒரக்கிளை மிக அழகாக எழுதிய கெயில் சிமோன்தான். அந்தக் கதைகள் மோசமில்லை. 2012இல் சைமன் பாஸ் வந்தான், டியர்போர்ன் நகரத்து லெபனான் வம்சாவளி முஸ்லிம் இளைஞன், கிரீன் லேண்டர்ன் மோதிரத்தோடு. அன்று கலாசாலை விடுதியில் நான் போட்ட சத்தத்துக்கு வோர்டன் வந்துவிட்டார். ராத்தாவிடம் அதையும் சொன்னேன். "நல்லம்தானே. ஆனா அவன் வாறதுக்கு இவ ஏன் போகணும்?" என்றார்.

பழைய வாசகர்கள் கோபப்பட்டபோது, "பெரியவர்களுக்கு மாற்றம் பிடிக்காது" என்று கேலி செய்தவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்த வரையில் அது மாற்றத்தின் மேல் வந்த கோபம் இல்லை. இந்தக் கதைகளில் செத்தவர்கள் திரும்பி வருவார்கள், கெட்டவன் நல்லவனாவான், அதெல்லாம் எங்களுக்குப் பழக்கம். பார்பரா வேறு வேலைக்குப் போயிருந்தால்கூட ராத்தா தாங்கியிருப்பார். நீ பார்த்த அந்த வருடங்கள் கணக்கில் இல்லை என்று சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. 1985இலும் இப்படி உலகங்களைக் கலைத்தார்கள்தான். எங்களுக்கு அது மாமாவின் பெட்டிக்கு முந்திய கதை, அதனால் வலிக்கவில்லை.

2016இல் டீசியே இறங்கி வந்தது. 'ரீபர்த்' இதழில் வோலி வெஸ்ட் திரும்பி வருகிறான். யாருக்கும் அவனை நினைவில்லை. ஒவ்வொருவரிடமாகப் போய்க் கெஞ்சுகிறான். மறைந்துபோகும் கடைசி நொடியில் பெரி அலன் நினைவு வந்து கையைப் பிடித்து இழுக்கிறான். நான் அந்த இதழை ஸ்டாப் ரூமில் வாசித்துக் கண்ணைத் துடைத்தபோது, பக்கத்து டீச்சர் யாரும் மௌத்தா என்று கேட்டார். சுப்பர்மேன், லோயிஸ் குடும்பமும் வந்தது. எக்‌ஷன் கொமிக்ஸ் 957 என்று பழைய எண்ணுக்கே போனது, இடையில் வந்த 52 இதழையும் சேர்த்து. ஒரக்கிள் என்ற பெயரும் பிற்பாடு வந்தது. நாற்காலி மட்டும் வரவில்லை.

நேற்றுப் பின்னேரம் அந்த மாணவன் வீட்டுக்கு வந்தான். கொமியுனிகேஷன் இப்போது ஸ்மார்ட் போன் ரீலோட், ஒன்லைன் விண்ணப்பம் என்று ஓடுகிறது. ராத்தா மேசைக்குக் கீழே இருந்த தகரப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். செல்லோடேப் ஒட்டிய பழைய இதழ்கள். அவன் ஒன்றை எடுத்துப் புரட்டிவிட்டு, "வீட்ட கொண்டு போகட்டா?" என்று கேட்டான்.

"இல்ல மகன்," என்றார் ராத்தா. "அந்தக் கதிரையில இரிந்து வாசி."