கருகியதும் ஒட்டியதும்

பள்ளி விடுமுறையில் மகளுடன் சேர்ந்து 'தார்த் தத்தான்' செய்தேன். பிரான்சின் லமோட்-பெவ்ரோன் சிற்றூரில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தங்கும் விடுதி நடத்திய தத்தான் சகோதரிகளின் பெயர் தாங்கிய ஆப்பிள் பண்டம் இது. சமையலில் நேர்ந்த தவறால் பிறந்தது என்றொரு கதையும் உண்டு.

சீனி 160 பாகை செல்சியசைக் கடந்ததும் பொன்னிறம் பெறத் தொடங்கும். நானோ கட்டுரைத் தாள்களைத் திருத்தியபடி அடுப்பை மறந்தேன். பாகு கருகியது.

"தவறால் பிறந்த பண்டம்தானே, அம்மா?" என்றாள் மகள். சுவைத்தேன், கசந்தது. கொட்டிவிட்டு மீண்டும் தொடங்கினோம்.

இம்முறை அவளே காவல் நின்றாள். பொன்னிறப் பாகில் வெண்ணெய் கலந்து, ஆப்பிள் துண்டுகளை நெருக்கி அடுக்கினோம். மேலே மாவை விரித்து மூடி, ஓவனில் 190 பாகையில் 40 நிமிடம் வேகவைத்தோம். முற்றும் ஆறினால் பாகு சட்டியிலேயே இறுகிவிடும் என்பதால், பத்து நிமிடத்தில் தட்டில் கவிழ்த்தோம். அப்படியும் இரு துண்டுகள் சட்டியில் ஒட்டிக்கொண்டன. மகள் கரண்டியால் அவற்றை எடுத்து உரிய இடத்தில் பதித்தாள். குறையே தெரியவில்லை.

அன்றிரவு, முழுவதும் சிவப்புக் கோடிட்டு ஒதுக்கிய மாணவர் ஒருவரின் கட்டுரையை மீண்டும் எடுத்தேன். கருத்து நன்றாகவே இருந்தது. இரண்டு பத்திகள்தாம் இடம் மாறியிருந்தன. அது கருகிய பாகன்று, ஒட்டிய துண்டு. அம்புக்குறியிட்டு உரிய இடத்தைக் காட்டினேன்.