பத்து மணி ஆபீஸ்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

ஆங்கில நோட்டில் நான்கு கோடுகள் உண்டல்லவா? மேலும் கீழும் சிவப்பு. நடுவில் இரண்டு நீலம். 2016-ஆம் ஆண்டு திருவரங்கத்தில் நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது அத்தகைய நோட்டுகள் இரண்டு என் பைக்குள் வந்தன. ஒன்று கிளாஸ் ஒர்க், மற்றொன்று ஹோம் ஒர்க். பிறர் நோட்டுக்கெல்லாம் பழுப்பு அட்டை. என்னுடையதற்கு நாளிதழ்த் தாள்.

கிளாஸ் ஒர்க் என்றால் கரும்பலகையைப் பார்த்து எழுதுவது. ஹோம் ஒர்க் என்றால் கிளாஸ் ஒர்க்கைப் பார்த்து எழுதுவது. எழுதினோம் என்பதைவிட வரைந்தோம் என்பதே பொருந்தும். 'ஜி'யின் வால் கீழ்ச் சிவப்பைத் தொட வேண்டும். 'டி'யின் தலை மேல் சிவப்பைத் தாண்டக்கூடாது. பொருளைப் பற்றிய கவலை எங்களுக்கு அவ்வளவாக இல்லை. 2012-13-இல் வந்த முப்பருவ முறையில் வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. அந்த நாற்பதில் கையெழுத்து அழகுக்கும் பங்குண்டு என்பது எங்கள் திடமான நம்பிக்கை!

"தெரியாததை வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்" என்பார் ஆசிரியை. சித்திரை வீதிப் பிள்ளைகள் கேட்டு எழுதி வந்தார்கள். என் வீட்டில் யாரைக் கேட்பது? சாத்தார வீதிச் சந்தையில் வாங்கிய உதிரிப் பூவை மடியில் கொட்டி முழம் முழமாகத் தொடுத்துக்கொண்டிருப்பார் அம்மா. அவருக்கு எழுத்தே தெரியாது. அப்பா ஐந்தாம் வகுப்பு வரை சத்துணவு உண்டு படித்தவர். 1982 ஜூலை முதல் நாள் அந்தத் திட்டம் தொடங்கப்பெற்றது நம் திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில்தான் என்பதில் அவருக்கு ஏதோ தாமே தொடங்கி வைத்ததைப் போன்ற பெருமை. ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டுவார், அத்தோடு சரி.

ஒரு நாள் கரும்பலகையில் தந்தையைப் பற்றிய வாக்கியங்கள் வந்தன. "மை ஃபாதர் கோஸ் டு ஆபீஸ் அட் டென் ஓ கிளாக். ஹி கம்ஸ் ஹோம் அட் ஃபைவ்." ஆபீஸ் என்ற இடத்தில் அவரவர் தந்தை வேலை செய்யும் இடத்தைப் போட்டு எழுதி வர வேண்டும். உதவிக்கு மூன்று சொற்கள் கொடுத்தார்கள்: ஷாப், ஃபீல்டு, பேங்க். என் தந்தையோ காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். மண்டிக்கு ஆங்கிலம் என்ன? பூத் தொடுக்கும் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். பிறகு ஆபீஸ் என்றே எழுதிவிட்டேன்.

மறுநாள் பெரிய 'டிக்' விழுந்தது. அருகில் 'குட்'. அதன் கீழ் பெற்றோர் கையொப்பம் வேண்டும்.

மாலையில் தூக்கம் கலைந்து எழுந்த அப்பாவிடம் நோட்டை நீட்டினேன். "படிச்சுக் காட்டு தம்பி" என்றார். படித்தேன். "அர்த்தம்?"

"அப்பா பத்து மணிக்கு வேலைக்குப் போறாரு. அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வர்றாரு."

அவருக்கு ஒரே மகிழ்ச்சி. "அட, சரியாத்தானே எழுதியிருக்கே!"

உண்மைதான். லாரிகள் இரவில்தான் வரும். அப்பா இரவு பத்து மணிக்குச் சைக்கிளில் காவிரிப் பாலத்தைக் கடந்து போவார். விடியற்காலை ஐந்து மணிக்குத் திரும்புவார். ஒரு சொல்லைத் தவிர எல்லாம் மெய்!

அந்தச் சொல்லின்மீதே அவர் விரல் நின்றது. "ஓ... எஃப்... எஃப்... போஸ்ட் ஆபீஸ் போர்டுல இருக்கிற எழுத்தில்ல இது?"

நான் தலைகுனிந்தேன். அம்மாவின் கையும் நின்றுவிட்டது. சற்று நேரம் கழித்து, "மண்டியிலயும் கணக்குப்பிள்ளை உக்கார்ற இடத்த ஆபீஸ்னுதான் சொல்லுவோம். கூலி அங்கதான் வாங்குறேன். தப்பில்ல" என்று கையொப்பமிட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி, "லோடுமேன்னு எழுதியிருக்கலாம்ல தம்பி? அதுவும் இங்கிலீஷ்தானே?" என்றார்.

அடித்திருந்தால்கூட மறந்திருப்பேன்.

இன்று கல்லூரியில் பகுதி இரண்டு ஆங்கிலத்தில் தேறிவிட்டேன். ஆனால் இரண்டு நோட்டுகள் மட்டும் என்னை விடவில்லை. ஆய்வகத்தில் அப்சர்வேஷன், வீட்டில் ரெக்கார்டு. சென்ற பருவத்தில் கூட்டு ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் எனக்கு 9.4 என்று வந்தது. "9.8-னு போட்டுடு, டிக் விழுந்துடும்" என்றான் அருகிலிருந்த நண்பன். எனக்கு ஏனோ போஸ்ட் ஆபீஸ் போர்டு நினைவுக்கு வந்தது. 9.4 என்றே எழுதினேன். சோதனையை மறுபடியும் செய்ய நேர்ந்தது வேறு கதை.

என் தங்கை இப்போது ஏழாம் வகுப்பு. சென்ற மாதம் அவளுக்கும் தந்தையின் தொழில் பற்றி ஐந்து வாக்கியம் ஹோம் ஒர்க்காக வந்தது. அருகில் உட்கார்ந்து நானே சொல்லிக் கொடுத்தேன்: "மை ஃபாதர் இஸ் எ லோடுமேன் இன் காந்தி மார்க்கெட்." நோட்டு திரும்பியபோது லோடுமேனைச் சுற்றிச் சிவப்பு வட்டம், மேலே 'போர்ட்டர்' என்று திருத்தம்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வட்டத்தைப் பார்த்தார். "என்னவாம் இது?"

"போர்ட்டராம்ப்பா" என்றாள் தங்கை.

"ஜங்ஷன்ல சிவப்புச் சட்டை போட்டிருப்பாங்களே, அவங்களா?" அப்பா நோட்டை அவளிடமே கொடுத்துவிட்டார். "அது வேற சங்கம் பாப்பா. உங்க டீச்சர்கிட்ட சொல்லு."