தங்கும் இடம்

நோர்வேயில் வாழும் என் மருமகன் (தமக்கையின் மகன்) சென்ற கோடை விடுமுறையில் ஒரு வீட்டு வண்டியை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, மனைவி மக்களுடன் அந்நாட்டின் வடகரைக்குச் சென்றிருந்தான். படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி யாவும் அவ்வண்டிக்குள்ளேயே உண்டு. லொபோத்தன் தீவுகளின் கடலோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு என்னைத் தொலைபேசியில் அழைத்தான். பழுகாமத்தில் எனக்குப் பொழுது விடியும் நேரம். அவனுக்கோ பின்னிரவு இரண்டு மணி. ஆயினும் அங்கே வெயில் எறித்துக்கொண்டிருந்தது. கோடையில் சில கிழமைகள் அங்கே சூரியன் மறைவதே இல்லையாம். பிள்ளைகள் உறங்க மறுத்துக் கரையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"மூன்று இடம் பார்த்து, நாலாவதாகத்தான் இதற்கு வந்தோம், மாமா. ஒன்றில் காற்று அதிகம். ஒன்றில் நிலம் சரிவு. மற்றதில் மழை பெய்தால் நீர் தேங்கும் போலிருந்தது" என்றான்.

எனக்குப் பெத்தாவின் நினைவு வந்தது. அவனுடைய கொள்ளுப்பாட்டியாகிய அவளும் இவ்வாறுதான் இடம் பார்ப்பாள்.

1975 ஆம் ஆண்டு, ஆடி மாதம். எனக்குப் பதினொரு வயது. எங்கள் ஊரிலிருந்து கதிர்காமத்துக்கு ஐந்து கூடார வண்டில்கள் புறப்பட்டன. மண்டூரில் முருகனை வணங்கி, துறையிற் 'பாதை' ஏறிக் குருமன்வெளியில் இறங்கினோம். (எங்கள் பகுதியில் பாதை என்பது மனிதரையும் வண்டிலையும் வாவி கடத்தும் மிதவை.) அங்கிருந்து தெற்கே, கடற்கரை வழியே, திருக்கோயில், பொத்துவில், பாணமை எனப் பயணம் தொடர்ந்தது. உகந்தை வரை வண்டில். அதற்கப்பால் காட்டுவழி நடை.

அந்தியில் எங்கே வண்டிலை அவிழ்ப்பது என்பதைத் தீர்மானிப்பவள் பெத்தாதான். எழுத்தறியாத அக்கிழவியின் சொல்லை ஆண்கள் ஐவரும் மறுக்காமல் ஏற்றனர். காரணம் எளியது. சமைப்பவர்கள் பெண்கள், நீர் சுமப்பவர்கள் பெண்கள், இருளில் ஒதுங்குவதற்கு மறைவு தேடுபவர்களும் பெண்கள். இடம் பிழைத்தால் அதன் துன்பம் முதலில் அவர்களையே சேரும்.

அவளிடம் சில கணக்குகள் இருந்தன. ஆடி மாதத்திற் கச்சான் காற்று மேற்கிலிருந்து வீசும். ஆகவே அடுப்பு வண்டிலுக்குக் கிழக்கே இருக்கவேண்டும். மேற்கே மூட்டினால் தீப்பொறி கிடுகிற் பற்றும். காய்த்த தென்னையின் கீழ்ப் பாய் விரிக்கலாகாது. கிணறு அண்மையில் இருக்கவேண்டும். ஆனால் கிணற்றடியிலேயே தங்கலாகாது, ஊரார் நீரெடுக்க வருவார்கள். மாடுகளுக்குப் புல் இருக்கிறதா என்று பார்த்த பின்னர்தான் மனிதருக்கு நிழல் இருக்கிறதா என்று பார்ப்பாள்.

உகந்தைக்கு அப்பால், குமண, யால காடுகளில், இக்கணக்கு இன்னும் நுணுக்கமானது. ஆனி, ஆடி மாதங்களிற் பாலை மரம் பழுத்துக் கிடக்கும். குழந்தைகளுக்கு அதன் இனிப்பில் ஆசை. கரடிக்கும் அதே ஆசை. ஆகையால் பழுத்த பாலையின் கீழ் எவரும் படுக்கலாகாது. புதிய யானை இலத்தி கிடக்கும் தடத்துக்கும் நீருக்கும் இடையிலே தங்கலாகாது; யானையின் வழியை மறிப்பவன் அறிவிலி என்பாள். உண்டு மிஞ்சிய சோற்றைத் தங்குமிடத்தருகே வீசலாகாது. அதன் மணத்துக்குப் பன்றி வரும்.

கும்புக்கன் ஆற்றங்கரையே எனக்கு மிகவும் பிடித்த இடம். கும்புக் என்பது மருத மரத்தின் சிங்களப் பெயர். வெண்மையான பருத்த அடிமரங்கள் இருகரையிலும் நிற்க, கோடையில் மெலிந்த ஆறு மணலினூடே ஓடியது. முதலைக்கு அஞ்சி ஆழத்தில் இறங்கவில்லை. மணலிற் குழி தோண்டினோம். ஊறிய நீரைத் தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு குடித்தோம். குடிக்கும் ஊற்று மேலே. குளிக்கும் துறை கீழே. அன்றிரவு மணலிற் படுத்துக்கொண்டு, மருதின் கிளைகளினூடே நட்சத்திரங்களை எண்ணினேன். அந்த உறக்கத்தைப் போன்றதொன்று பின்னர் எனக்கு வாய்க்கவில்லை.

அக்காலத்தை நான் பொற்காலம் என்று கூற வரவில்லை. போடியாரும் வயற்காரரும் ஒரே ஊற்றிற் குடித்தார்கள் என்பது உண்மை. ஆனால் சாதிக்கொரு மரம் பார்த்து ஒதுங்கியவர்களும் அக்கூட்டத்தில் இருந்தார்கள் என்பதும் உண்மை. எனினும் ஒரு வழக்கம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. விடியலிற் புறப்படும்போது அடுப்பை நீரூற்றி அணைத்து, மூன்று கற்களையும் ஒருங்கே சேர்த்து, எஞ்சிய விறகை அவற்றின்மேல் அடுக்கிவிட்டே செல்வார்கள். அடுத்து வருபவர் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. இருந்தும் அவருக்காக அடுக்கினார்கள்.

2007 மார்ச் மாதத்திற் படுவான்கரையில் எறிகணைகள் வீழ்ந்தன. நாங்கள் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து எழுவான்கரைக்கு ஓடினோம். அவ்வாண்டு மட்டக்களப்பு மாவட்டத்தில் இடம்பெயர்ந்தோர் தொகை ஓர் இலட்சத்தைத் தாண்டியது. நிழலற்ற வெட்டவெளியொன்றில் எங்களுக்கு ஒரு கூடாரம் கிடைத்தது. வெயில் ஏற ஏறக் கூடாரத்துணியின் கீழ் இருக்க முடியவில்லை. தண்ணீர் பவுசரில் வந்தது. வராத நாட்களும் இருந்தன. மலசலகூடத்தின் வாயிலில் விடியுமுன்பே பெண்கள் வரிசையில் நின்றார்கள்.

பெத்தாவுக்கு அப்போது எண்பத்தேழு வயது. தோளிற் சுமந்து வந்து அவளைப் பாயில் இருத்தினோம். சுற்றுமுற்றும் பார்த்தாள். காற்று வரும் திசையை நோக்கினாள். அயற்கூடாரத்தின் அடுப்புப் புகை நேராக எங்கள் கூடாரத்துக்குள் வருவதைக் கண்டாள்.

"இந்த இடத்தை ஆர் மனே பார்த்த?" என்று கேட்டாள்.

நான் என்ன விடை கூறுவேன்? எவரும் பார்க்கவில்லை. ஏதோ ஒரு மேசையில், ஏதோ ஒரு வரைபடத்தில், குடும்பங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற நிலப்பரப்பு என்று குறிக்கப்பட்ட இடம் அது. அங்கே உறங்கப்போகிறவரை எவரும் கேட்கவில்லை.

மே மாதத்தில் மீள்குடியேற்றம் தொடங்கி, நாங்கள் ஊர் திரும்பும் நாள் வந்தது. பழக்கத்தின் காரணமாக நான் அடுப்புக் கற்களை ஒன்று சேர்க்கக் குனிந்தேன். பெத்தா தடுத்தாள். "அதுகளைத் தூர எறி. இங்க இனி ஒருவரும் வரப்படாது" என்றாள். வாழ்நாளில் அவள் கற்களைக் கலைத்தது அன்று ஒரு முறைதான்.

நண்பர்களே, முகாம் என்ற சொல் எங்களைக் கலங்கவைக்கும் சொல்லாகிவிட்டது. அகதி முகாம், இராணுவ முகாம் என்பன அன்றி வேறொரு முகாமை அறியாமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. கூடாரத்திற் படுப்பது இன்பம் என்று மருமகன் சொன்னபோது, அருகில் இருந்த என் மனைவி வியப்போடு என்னைப் பார்த்தாள். இரண்டும் ஒரே துணிதான், ஒரே வெறுநிலந்தான். தானே இடம் பார்த்துத் தங்கி, விரும்பிய காலையில் எழுந்து போகக்கூடியவனுக்கு அது இன்பம். அத்தெரிவைப் பறிகொடுத்தவனுக்கு அது சிறை.

ஆகவே தெரிவு என்பது செல்வரின் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. நோர்வேயில் 1957 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் ஒன்று இவ்வுரிமையை எல்லோருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறது. பயிரிடப்படாத வெளியில், குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீற்றர் தள்ளி, எவரும் கூடாரம் அடிக்கலாம். ஒரே இடத்தில் இரண்டு இரவுகள் வரை பொதுவாக எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வந்தவனுக்குக் கடமையும் உண்டு. நிலத்தைப் பழுதாக்கலாகாது. ஏப்பிரில் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டிலும் காட்டருகிலும் திறந்த தீ மூட்டலாகாது. எங்கள் வழிநடையோர் வழக்கமாகக் கொண்டிருந்ததை அங்கே சட்டமாக்கியிருக்கிறார்கள்.

இங்கோ வழக்கமும் தேய்கிறது. 2009 இல் யுத்தம் முடிந்தபின் கிழக்குக் கரையெங்கும் உல்லாச விடுதிகள் எழுந்தன. சென்ற ஆடியிற் பேரப்பிள்ளைகளுடன் ஒரு கடற்கரையிற் சோற்றுப்பொதியை அவிழ்த்தேன். காவலாளி ஒருவர் வந்து, "ஐயா, நீங்கள் எந்த விடுதி?" என்று கேட்டார். அவரும் கூலிக்கு நிற்கும் ஏழை மகன். அவரை நோவதிற் பயனில்லை. பொதியைக் கட்டிக்கொண்டு எழுந்தோம்.

ஆடிதோறும் இன்றும் அடியார்கள் உகந்தைக் காட்டுவழியே நடக்கிறார்கள். பெரும்பாலும் உழைக்கும் மக்கள். அவர்கள் தங்குமிடங்களில் நல்ல நீர் வேண்டும். பெண்களுக்கு மறைவிடம் வேண்டும். நிழல்மரங்கள் வெட்டப்படாமல் நிற்கவேண்டும். கரைகள் வேலியின்றிக் கிடக்கவேண்டும். இவற்றைக் கேட்பது நம் உரிமை. பிளாத்திக்குப் போத்தல்களைக் காட்டில் எறியாமல் திரும்பிவருவது நம் கடமை.

அடுத்த ஆடியில் மருமகன் பிள்ளைகளுடன் ஊருக்கு வருகிறான். கும்புக்கன் கரைக்கு அவர்களை அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். அங்கே இடம் பார்க்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே விடுவேன். காற்று எங்கிருந்து வருகிறது என்று மட்டும் முதலிற் கேட்பேன்.