இறங்கும் இடம்

பெரம்பலூருக்கு இன்றளவும் இரயில் கிடையாது. சென்னைக்குச் செல்வோரும், திருச்சிக்குச் செல்வோரும், ஏன், இரயில் பிடிப்பதற்காக அரியலூர் செல்வோருங்கூடச் சாலை வழியாகவே சென்றாக வேண்டும். ஆகையால் இப்பகுதியில் ஒரு தாய் கைக்குழந்தையோடு வெளியே புறப்பட்டால் அவளுக்கு வாய்ப்பவை பெரும்பாலும் இரண்டே: கணவனுடைய இரு சக்கர வண்டியின் பின்னிருக்கை, அல்லது பேருந்து. கார் உடையோர் பெருகிவிட்டனர் என்பது மெய்தான். ஆயினும் நான் சொல்ல வந்தது அவர்களைப் பற்றியன்று.

எங்கள் பங்கைச் சேர்ந்த பெண் ஒருத்தி இங்கிலாந்தில் செவிலியாகப் பணிபுரிகிறாள். விடுமுறைக்கு வந்திருந்தவள், பெரம்பலூரில் ஒரு பெரிய மளிகைக் கடைக்கு - இப்போது சூப்பர் மார்க்கெட் என்றே பெயர்ப் பலகை வைக்கிறார்கள் - குழந்தையோடு போய்த் திரும்பி, மூச்சு வாங்க என்னிடம் சொன்னாள்: "அங்கே கடை வாசலுக்குப் பக்கத்திலேயே சின்னப் பிள்ளைகளோட வர்றவங்களுக்குன்னு தனியா இடம் விட்டிருப்பாங்க சாமி. தரையில கோடு போட்டு, பிள்ளை படம் வரைஞ்சிருக்கும். இங்கே வண்டியை விட்டு இறங்கவே இடம் இல்லையே!"

அது அந்நாட்டுச் சட்டமோ என்று வினவினேன். இல்லையாம். உடல் ஊனமுற்றோருக்கு ஒதுக்கும் இடத்திற்குத்தான் சட்டத்தின் காவல் உண்டு. பெற்றோருக்கான இடம் கடைக்காரர் தம் சொந்த நிலத்தில், தம் விருப்பத்தால் ஒதுக்கித் தருவது. காரின் கதவை முழுதும் திறந்தால்தான் குழந்தையை அதன் தனி இருக்கையிலிருந்து தூக்க முடியும் என்பதால் அகலமாக விடுகிறார்கள். குழந்தை வண்டிகளுக்கு நடுவே ஓடிவிடக்கூடாது என்பதால் வாசலருகே விடுகிறார்கள். பிள்ளை இல்லாதவர் அங்கே வண்டியை நிறுத்திவிட்டுப் போவதும், அதனால் சச்சரவு எழுவதும் அங்கேயும் உண்டாம். இதைக் கேட்டபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது என்பதை மறைப்பானேன்!

அடுத்த சனிக்கிழமை அரியலூருக்குப் புறப்பட்டேன். உடனே பேருந்து ஏறாமல், பெரம்பலூரில் அப்படிப்பட்ட கடையொன்றின் எதிரே தேநீர்க் கடையில் அரை மணி நேரம் அமர்ந்தேன். எத்தனையோ முறை கண்டும் காணாத காட்சியை அன்றுதான் கண்டேன்.

கடையின் முன்புறம் முழுவதும் இரு சக்கர வண்டிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. வரிசை சாலையின் ஓரம்வரை வந்துவிட்டது. ஓர் இளம் குடும்பம் வருகிறது. முன்னால் பெட்ரோல் தொட்டியின்மேல் நான்கு வயதுப் பையன், நடுவில் தகப்பன், பின்னால் சேலை உடுத்த தாய் ஒரு பக்கமாய் அமர்ந்து, மடியில் கைக்குழந்தை. தகப்பன் இரு கால்களையும் தரையில் ஊன்றி வண்டியைப் பிடித்துக்கொள்கிறான். அவன் கைகள் வண்டியை விட்டு அகல முடியாது. தாய்க்கு ஒரு கைதான் மிச்சம். அவள் இடப்புறம் இறங்க வேண்டும். இடப்புறமோ நிறுத்திய வண்டிகள்! கால் வைக்க ஒரு சாண் இடம் இல்லை. சூடான புகைக் குழாயில் சேலை படாமல் இறங்கி, வண்டியின் பின்புறமாகச் சுற்றி, சாலைக்கே வந்து, ஒரு கையில் குழந்தையோடு மறு கையால் பையனை இறக்குகிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் லாரி ஒன்று ஒலி எழுப்பிக்கொண்டு செல்கிறது. இவ்வளவும் அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் அதனை ஒரு துன்பமாகக் கருதியதாய்த் தெரியவில்லை.

இரு சக்கர வண்டியில் செல்லும் குழந்தையைப் பற்றி நம் நாட்டில் விதி இல்லாமலில்லை. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுநரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டை வேண்டும், 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்குத் தலைக்கவசம் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு 2022 பிப்ரவரியில் விதி வகுத்தது. ஓராண்டு கழித்து அது நடைமுறைக்கு வந்தது. அன்று நான் பார்த்த வண்டிகள் ஒன்றிலும் அந்தப் பட்டையைக் காணவில்லை. அது நிற்க. ஓடும் வண்டியைப் பற்றி இத்தனை கருதிய விதி, நிற்கும் வண்டியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. குழந்தை இறங்கும் அந்த அரை நிமிடம் யாருடைய பொறுப்பு?

காருக்குத் தேவை அகலம். நம் தாய்மாருக்குத் தேவை வேறு: மேடு பள்ளமில்லாத தரை, இடப்புறம் நான்கடி வெற்றிடம், கொஞ்சம் நிழல். ஆறு வண்டிகள் நிற்கும் இடத்தை விட்டால் போதும். பண்டிகைக் காலத்தில் பட்டாசுக்கும் பலகாரப் பெட்டிக்கும் வாசலில் பந்தல் போட இடம் கண்டுபிடிக்கும் கடைக்காரர்களுக்கு இது முடியாத காரியமன்று.

பேருந்து நிலையத்தின் கதை வேறு. அங்கே இடம் கொடுத்திருக்கிறார்கள். 2015 ஆகஸ்டு 3 ஆம் நாள், உலகத் தாய்ப்பால் வாரத்தின்போது, அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா மாநிலமெங்கும் 352 பேருந்து நிலையங்களில் பாலூட்டும் தாய்மார்க்கான அறைகளைத் திறந்து வைத்தார். கட்சி எதுவாயினும் நல்லதை நல்லதென்று சொல்லவேண்டும். அதற்கு முன்பு பேருந்துகளின் மறைவிலும், கழிப்பறைச் சுவரோரத்திலும் குழந்தைக்குப் பாலூட்டிய தாய்மாரை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம்.

ஆனால் அறை என்பது நான்கு சுவர் மட்டுமா? இந்தப் பக்கத்தில் ஒரு பேருந்து நிலையம், ஊர்ப்பெயர் வேண்டாம். பத்து மாதக் குழந்தை வீறிட்டழுகிறது. தாய் அறையின் கதவருகே நிற்கிறாள், பூட்டு தொங்குகிறது. "என்னம்மா, திறக்கவில்லையா?" என்றேன். "சாவி யாருகிட்டன்னு தெரியல சாமி. டைம் கீப்பர்கிட்ட கேளுன்னாங்க. அங்கே நாலு ஆம்பளைங்க உக்காந்திருக்காங்க. எப்படிப் போயிக் கேக்கறது?" என்றாள். நான் சென்று கேட்டேன். சாவி வந்தது, கால் மணி நேரமாயிற்று. அதற்குள் பூ விற்கும் மூதாட்டி ஒருவர் தம் கூடையை நகர்த்தி, சாக்கை விரித்து, அப்பெண்ணைத் தமக்குப் பின்னால் அமர்த்திவிட்டார். நான் சாவியோடு வந்து நின்றபோது குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. அறைக்குள் எட்டிப் பார்த்தேன். துடைப்பங்களும், உடைந்த நாற்காலி இரண்டும் இருந்தன.

சாவி ஏன் அந்த மூதாட்டியிடம் இருக்கக் கூடாது என்று அன்று தோன்றிய எண்ணம் இன்னும் என்னை விடவில்லை. காலை முதல் இரவு வரை அங்கேயே இருப்பவர் அவர்தாம். பெண் ஒருத்தி தயங்காமல் சென்று கேட்கக் கூடியவரும் அவரே.

2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் இதுபற்றிப் பேசிற்று. பொது இடங்களில் பாலூட்டும் அறைகள் அமைய வேண்டும், இனி கட்டப்போகும் பொதுக் கட்டடங்களில் திட்டமிடும்போதே அதற்கு இடம் விட வேண்டும், பொது இடத்தில் பாலூட்டுவதை இழிவாகக் கருதலாகாது என்றெல்லாம் மாநிலங்களுக்கு எடுத்துரைத்தது. கடைசியாகச் சொன்னது மிகவும் முக்கியம். அறை இருக்கிறதே என்பதற்காக, வெளியே அமர்ந்து பாலூட்டும் தாயை முறைத்துப் பார்க்கும் உரிமை நமக்கு வந்துவிடாது.

அரியலூரை நெருங்க நெருங்கச் சாலையின் நிறமே மாறிவிடும். கரிசல் மண்ணும் மக்காச்சோளமும் பருத்தியும் பின்னால் போக, வெண்புழுதி படிந்த மரங்கள் வரும். பல கோடி ஆண்டுகட்கு முன்பு இது கடலடியாம். அக்கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக் கல்லை நம்பியே இங்கே சிமெண்டு ஆலைகள். கல் ஏற்றிய லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. இந்தச் சாலைகளில் லாரி மோதி இறந்தோரை நான் அடக்கம் செய்திருக்கிறேன். அதுபற்றி இங்கே விரித்தெழுத மனமில்லை. குழந்தையோடு ஒரு தாய் சாலைக்குள் இரண்டடி எடுத்து வைப்பது இங்கே சிறிய காரியமன்று என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

அன்று அரியலூரில் மற்றொன்றும் கண்டேன். இளைஞன் ஒருவன் கைக்குழந்தையோடு தனியே நின்றான். குழந்தை துணியை நனைத்துவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்தான். "தாய்மார்கள்" என்ற பலகையைக் கண்டு திரும்பினான். கடைசியில் ஒரு கடைத் திண்ணையில் துண்டை விரித்து, பழக்கமில்லாத விரல்களால் துணியை மாற்றினான். பாலூட்டும் அறைக்குள் ஆடவர் புகலாகாது, அது முறையே. ஆனால் குழந்தையைத் தூக்கி வருபவர் எல்லாரும் தாய்மார் அல்லரே. தாய் வேலைக்குப் போன வீடுகளில் தகப்பனும் தாத்தாவும் தூக்கி வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு பலகைத் தட்டும் தண்ணீர்க் குழாயும் தனியே வெளிப்புறத்தில் அமைத்தால் என்ன?

ஊராரைச் சொல்லும் நான் என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகட்கு முன் ஞாயிறு திருப்பலியில் நான் மறையுரை ஆற்றுகையில் ஒரு குழந்தை விடாமல் அழுதது. நான் பேச்சை நிறுத்தி அந்தத் தாயைப் பார்த்தேன். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, பார்த்தேன், அவ்வளவே. அவள் எழுந்து வெளியே போனாள். அதன்பின் பல வாரங்கள் அவளைக் கோவிலில் காணவில்லை. அவள் வெளியே நின்ற இடத்தில் நிழலும் இல்லை. வேப்பமரத்து நிழலை வண்டிகள் பிடித்துக்கொண்டிருந்தன.

அரியலூரிலிருந்து திரும்பிய வாரமே பங்குப் பேரவையில் இதைப் பேசினேன். வேப்பமரத்தடியில் எட்டு வண்டிகளுக்குரிய இடத்தையும், வாசற்படி ஓரமாக ஒரு பெஞ்சையும் கைக்குழந்தையோடு வருவோர்க்கு ஒதுக்குவது என்று முடிவாயிற்று. எளிதில் ஆகவில்லை. "எத்தனை வயசு வரைக்கும் கைக்குழந்தை?" என்றார் ஒருவர். "தாத்தா தூக்கிட்டு வந்தா?" என்றார் மற்றொருவர். முதியோருக்கு ஏன் இல்லை என்ற கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. அவர்களுக்கும் இரண்டு இடம் சேர்த்தோம்.

கோவில்பிள்ளை சுண்ணாம்பைக் கரைத்துக் கோடு போட்டார். முதல் ஞாயிறன்று கிளைக் கிராமத்தில் பூசை முடித்து அவசரமாக வந்தேன். உடை மாற்றிக்கொண்டிருக்கையில் அவர் வந்து தயங்கி நின்றார். "என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல சாமி. வேப்பமரத்தடியில கோட்டுக்குள்ள ஒரு வண்டி நிக்குது. சாவி சாமிகிட்டதான் இருக்கும்."

சாவியைக் கொடுத்தனுப்பினேன். இந்த மழையில் கோடு பாதி அழிந்துவிட்டது. வெயில் வந்ததும் மறுபடி போடச் சொல்லியிருக்கிறேன்.