சித்தப்பாவின் ஃபெராரி

1958-ல் ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு டேவிட் ஓகில்வி என்பவர் ஒரு விளம்பரம் எழுதினார். மணிக்கு அறுபது மைல் வேகத்தில் போகும்போது இந்தக் காருக்குள் கேட்கிற பெரிய சத்தமே அதன் கடிகாரச் சத்தம்தான் என்று தலைப்பு. விளம்பர உலகம் இன்றைக்கும் அதை வைத்துப் பாடம் நடத்துகிறது. படித்த கம்பெனி எஞ்சினீயர் மட்டும் தலையை ஆட்டிவிட்டு, அந்தப் பாழாய்ப்போன கடிகாரத்தை ஏதாவது செய்தாக வேண்டும் என்று அலுத்துக்கொண்டாராம்.

எனக்கு அனுதாபம் எல்லாம் கடிகாரத்தின் மேல்தான். காரிலேயே அதிகம் உழைக்கிற பாகம் அது. எஞ்சின் தினம் ஒரு மணி நேரம் ஓடினால் அதிகம். வைப்பர் மழைக்கு மட்டும். ஹாரன், நம் ஊரில் கொஞ்சம் ஓவர்டைம் பார்க்கும். கடிகாரமோ வண்டி ஷெட்டில் தூங்கும்போதும் ஓடவேண்டும். வருடத்துக்கு 8,760 மணி நேரம், ஞாயிறு, பொங்கல், பந்த் எதற்கும் லீவு கிடையாது. அதனாலேயே முதலில் நிற்பதும் அதுதான். நின்றால் யாரும் கண்டுகொள்வதில்லை. கையில் வாட்ச் இருக்கிறதே.

சித்தப்பா கண்டுகொண்டார்.

நாகர்கோவில் வடசேரியில் இருக்கிற சித்தப்பாவிடம் 1971 மாடல் ஃபியட் ஒன்று உண்டு. இத்தாலிக்காரர்கள் வரைந்து, பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி செய்த வண்டி. இதுதான் 1974-ல் ‘பிரீமியர் பத்மினி’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. சித்தூர் ராணி பத்மினியின் பெயர் என்பார்கள். எங்கள் பக்கத்தில் யாரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. 1956 வரை திருவிதாங்கூரில் இருந்த ஜில்லா அல்லவா? திருவிதாங்கூர் சகோதரிகளில் நடு ஆளை விட்டுவிட்டு சித்தூருக்கு எதற்குப் போகவேண்டும் என்பது சித்தப்பாவின் வாதம். மும்பையில் கடைசி பத்மினி டாக்ஸியும் 2023 அக்டோபரோடு ரிட்டயர் ஆகிவிட்டது. சித்தப்பாவின் வண்டி ஆகவில்லை.

அந்த வண்டியின் டேஷ்போர்டுக்குக் கீழே, தகரத்தை வளைத்து மாட்டிய ஒரு வட்டக் கடிகாரம். கறுப்பு டயலில் ‘வெல்யா’ என்று எழுதியிருக்கும். வண்டியை விற்ற எஸ்டேட்காரர், ஏதோ இத்தாலி ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து கழற்றி வந்தது என்று சொல்லித் தலையில் கட்டியிருக்கிறார். சித்தப்பாவுக்கு அது போதும். ஐம்பது வருஷமாக, வண்டியில் ஏறுகிற எல்லோரிடமும் ஒரே டயலாக்.

“இது ஃபெராரி கிளாக்காக்கும்!”

பாதி உண்மை. வெல்யா என்பது மிலானில் இருந்த போர்லெட்டி கம்பெனியின் பிராண்ட். இத்தாலிய மொழியில் விழித்திருத்தல் என்று அர்த்தம். அலாரம் கடிகாரத்தில் ஆரம்பித்து கார் மீட்டருக்கு வந்தவர்கள். ஃபெராரிக்கும் மீட்டர் கொடுத்தார்கள், ஆல்ஃபா ரோமியோவுக்கும் கொடுத்தார்கள், ஃபியட் 124 ஸ்பைடருக்கும் கொடுத்தார்கள். 2018-ல் ஒரு ஃபெராரி 250 ஜி.டி.ஓ. ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது. டாலர் சார், ரூபாய் இல்லை. அதன் டேஷ்போர்டிலும் இதே பெயர். ஆக, ஃபெராரியில் ஒரு உழக்கு எங்கள் குடும்பத்தில் இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

போன மழைக்கு ஃபெராரி நின்றது. மணி மூன்றே கால்.

முதலில் எலக்ட்ரிக்கல் கடைப் பையனிடம் காட்டினேன். “அண்ணே, உள்ள இருக்க சவத்த தூரக் களஞ்சிட்டு குவார்ட்ஸ் போட்டுருவோம். இருநூத்தம்பது ரூவா. டயல், முள்ளு எல்லாம் அப்படியே இருக்கும், ஒருத்தனுக்கும் தெரியாது” என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. வெளிநாட்டில் பெரிய பெரிய கார்க்காரர்களே இதைச் செய்கிறார்கள். பழைய எந்திரத்தை எடுத்து ஒரு பையில் போட்டுப் பத்திரப்படுத்திவிட்டு, டயலுக்குப் பின்னால் குவார்ட்ஸை வைத்துவிடுகிறார்கள். நொடிக்கு 32,768 தடவை அதிர்கிற படிகம், தப்பே பண்ணாது. தினம் ஆபீஸ் போகிற வண்டி என்றால் நானும் அதைத்தான் சொல்வேன்.

இதற்கிடையில் திருவனந்தபுரத்திலிருந்து ஒருவர் போன் பண்ணினார். பழைய ஸ்பைடர் ஒன்றைப் பிரித்துப் போட்டிருக்கிறாராம், டேஷ்போர்டில் ஒரு ஓட்டை காலியாக இருக்கிறதாம். எப்படித் தெரிந்துகொண்டாரோ! சித்தப்பாவின் விளம்பரம் களியக்காவிளை தாண்டிப் போயிருக்கிறது. ஓடாத கிளாக் 15,000, ஓடினால் 25,000, குவார்ட்ஸ் போட்டிருந்தால் வேண்டவே வேண்டாம் என்றார். நான் பி.காம். ஐம்பது வருஷத் தேய்மானத்தில் புத்தக மதிப்பு பூஜ்யமான ஒரு சாமானுக்கு இப்படி விலை வந்தால் எங்கள் சிலபஸில் பதில் கிடையாது. குவார்ட்ஸ் பையனுக்கு டாட்டா காட்டிவிட்டு மணிமேடைக்குப் போனேன்.

மணிமேடை எங்கள் ஊரின் நடு மையம். 1893-ல் மூலம் திருநாள் மகாராஜா திறந்துவைத்தார். கடிகாரம், லண்டன் மிஷனைச் சேர்ந்த டதி பாதிரியார் மகாராஜாவுக்குக் கொடுத்த பரிசு. அதற்குப் பக்கத்துச் சந்தில் ஒரு வாட்ச் ரிப்பேர் அண்ணாச்சி. 1987-ல் ஓசூரிலிருந்து டைட்டன் குவார்ட்ஸ் வந்த நாளிலிருந்தே இவர்கள் தொழிலுக்குக் கெட்ட காலம். 2016-ல் ஹெச்.எம்.டி. வாட்ச் கம்பெனிக்கும் மூடுவிழா. இப்போது அண்ணாச்சி பகல் முழுக்க செல் மாற்றுகிறார், ஸ்ட்ராப் வெட்டுகிறார். அவரிடம் ஃபெராரியைக் கொடுத்ததும் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பத்து நிமிஷம் பேசவில்லை. பிறகு, “இத யாரும் தொடல்லியே? நல்லதாப் போச்சு” என்றார்.

உள்ளே இருக்கிற வித்தையை அவர்தான் காட்டினார். மின்சாரக் கடிகாரம் என்றாலும் அதை ஓட்டுவது மின்சாரம் இல்லை. நம் பழைய கைக்கடிகாரம் மாதிரியே பேலன்ஸ் வீல், ஹேர்ஸ்பிரிங், பல்சக்கரம். ஓட்டுவது ஒரு துக்கடா ஸ்பிரிங். அது ஓரிரு நிமிஷத்துக்குத்தான் தாங்கும். ஸ்பிரிங் தளர்ந்ததும் இரண்டு பாயின்ட் ஒன்றையொன்று தொடும். ஸ்கூட்டர்காரர்கள் ‘பிளாட்டினம்’ என்பார்களே, அதே ஜாதி. தொட்டதும் காயிலில் கரண்ட் பாய்ந்து காந்தமாகி, ‘டக்’கென்று ஒரு உதை. ஸ்பிரிங் மறுபடி முறுக்கேறும், பாயின்ட் விலகும், கரண்ட் கட். பேட்டரி சாவி கொடுக்கிறது, அவ்வளவுதான். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை.

வியாதி இரண்டு. ஒவ்வொரு உதைக்கும் சின்னப் பொறி பறந்து பாயின்ட் குழிவிழுந்துபோகிறது. எண்ணெய் காய்ந்து கோந்தாகிவிடுகிறது. இவை நோய்தான், சாவு இல்லை. சாவு எது என்றால், பேட்டரி இறங்குவது. உதைக்கத் தெம்பில்லாமல் பாயின்ட் ஒட்டியபடியே நிற்கும். கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும், காயில் கருகும். மாசக்கணக்கில் ஷெட்டில் கிடக்கிற கார்களின் கடிகாரங்கள் பெரும்பாலும் இப்படித்தான் போகின்றன. ஓட்டி ஓட்டிக் கெட்டதைவிட ஓட்டாமல் கெட்டது ஜாஸ்தி.

சித்தப்பாவின் கடிகாரத்தில் காயில் பிழைத்திருந்தது. அண்ணாச்சி பெட்ரோலில் கழுவி, பாயின்ட்டை எமரி பேப்பரால் தடவி, ஊசிமுனையில் எண்ணெய் விட்டு, நான்கு நாள் மேஜையில் ஓடவிட்டுப் பார்த்தார். அறுநூறு ரூபாய். ஆயிரமாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றதற்குக் கையை ஆட்டிவிட்டார். “தம்பி, வண்டிய வாரம் ஒருதடவ எடுத்து ஓட்டணும். பேட்டரி எறங்குச்சுன்னா எங்கிட்ட கொண்டுவராத, கேட்டியா? எனக்கும் கண்ணு முன்ன மாதிரி இல்ல.”

மாட்டினோம். ஷெட்டில் எஞ்சினைப் போடாமல் நானும் சித்தப்பாவும் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தோம். டிக் டிக் டிக்... டக். சித்தப்பாவுக்குக் கண் ஆபரேஷனுக்குப் பிறகு வண்டி ஓட்டத் தடை. பஹ்ரைனில் இருக்கிற மகன், வண்டியைத் தள்ளிவிடுங்கள் என்று வாராவாரம் போனில் சொல்கிறான். சித்தி இருந்தால் பேச ஒரு ஆளாவது இருந்திருக்கும்.

திருவனந்தபுரம் விஷயத்தைப் பைய எடுத்தேன். இருபத்தையாயிரம் சித்தப்பா, அறுநூறு போனால் இருபத்துநாலாயிரத்து நானூறு நிகரம்.

“ஓடாத சாமானத்த விக்கது மானக்கேடு. ஓடுத சாமானத்த எதுக்குடே விக்கணும்?”

ஆக இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு ஒரு சோலி கூடிவிட்டது. கோட்டாறு வழியாகச் சுசீந்திரம் வரைக்கும் ஃபியட்டை ஓட்டிப் போகிறேன். பக்கத்தில் சித்தப்பா. கடிகாரம் ஒரு நாளைக்கு நான்கு நிமிஷம் முந்துகிறது. வாரம் ஒருமுறை என் செல்போனைப் பார்த்து முள்ளைப் பின்னுக்குத் திருப்பி வைப்பது அவர் டிபார்ட்மென்ட். திருவனந்தபுரத்துக்காரர் போன வாரம் முப்பதாயிரம் என்றார். நான் இன்னும் சொல்லவில்லை.