அடித்தந்தி பேசும்போது

உறுமல் என்னும் சொல் நம் செவிக்கு அவ்வளவு இனிமையானதன்று. புலி உறுமும், சினங்கொண்ட நாய் உறுமும். ஆயினும் இசையுலகில் உறுமலை விரும்பித் தேடுவோர் உளர். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து முழக்கப்படும் உறுமி மேளத்திற்கு அதன் ஒலியே பெயராயிற்று. மேனாட்டில் மின் பேஸ் கிட்டார் வாசிப்போரும் தம் கருவியிடம் எதிர்பார்க்கும் ஓர் ஒலியை உறுமல் என்றே குறிப்பிடுகின்றனர். அந்த ஒலியின்மீது நமக்குப் பல ஆண்டுகளாக ஈர்ப்பு உண்டு. அது எங்கிருந்து பிறக்கிறது என்று தேடியபோது கிடைத்ததை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

ஓர் இசைக்குழுவில் பேஸ் வாசிப்பவர் அடித்தளம் இடுபவர். அடித்தளம் கட்டடத்தின் சுமையைத் தாங்கும், கண்ணுக்குத் தெரியாது. முன்னாளில் ஆளுயர டபுள் பேஸ் இப்பணியைச் செய்தது. பித்தளைக் குழல்களும் முரசுகளும் முழங்கும் மேடையில் அதன் ஒலி எளிதில் அமிழ்ந்துபோகும். 1951-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லியோ பெண்டர் என்பவர் பிரிசிஷன் பேஸ் என்ற மின் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வீணையில் நாம் மெட்டு என்போமே, அத்தகைய உலோக மெட்டுகள் அதில் இருந்தன. மின்சாரம் வந்தபின் அடிக்குரல் உரத்து ஒலித்தது. ஆனால், உரத்து ஒலிப்பது வேறு. தெளிவாகக் கேட்பது வேறு.

இதன் காரணம் எளியது. நான்கு தந்திப் பேஸின் மிகத் தடித்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. இவ்வளவு தாழ்ந்த ஒலியை நம் செவி மங்கலாகவே உணரும். சிறிய ஒலிபெருக்கிகளால் அதை எழுப்பவும் இயலாது. ஆனால், எந்தத் தந்தியும் ஒரே ஓர் ஒலியை மட்டும் தருவதில்லை. 41-உடன் 82, 124, 165 என மேற்சுரங்களும் அடுக்கடுக்காகப் பிறக்கின்றன. அந்த மேற்சுரங்களைக் கேட்டே நம் மூளை அடியிலுள்ள சுரத்தை அறிந்துகொள்கிறது. உறுமல் குடியிருப்பதும் ஏறத்தாழ 200 முதல் 800 அதிர்வுகள் வரையுள்ள இந்த நடுப்பகுதியில்தான். ஆகவே, உறுமல் வேண்டி பேஸ் குமிழை முறுக்கிக் கூட்டுபவர் இரைச்சலையே பெறுவார். தாழ்ந்ததைச் சற்றே குறைத்து நடுவை உயர்த்துபவருக்கே அது கிட்டும்.

நமக்கு அறிமுகமான இசைஞர் ஒருவர் ஒருமுறை தம் கருவியை நம் மடியில் வைத்து இதனைச் செய்துகாட்டச் சொன்னார். அது 1960-இல் பெண்டர் நிறுவனம் வெளியிட்ட ஜாஸ் பேஸ் வகையைச் சேர்ந்தது. தந்தியின் அதிர்வை மின்னலையாக்கும் பிக்கப்புகள் இரண்டு உடையது. கழுத்தருகே மீட்டினோம், பஞ்சுமெத்தை போன்ற மென்மையான ஒலி எழுந்தது. நடுவில் மீட்டினோம், ஒலி சற்றே திரண்டது. தந்தியைத் தாங்கும் குதிரையின் அருகே மீட்டினோம். அங்கே தந்தி விறைப்பாய் நின்று விரலை எதிர்த்தது. அந்த எதிர்ப்பினின்று கரகரத்த ஒரு குரல் வெளிப்பட்டது. பின்னர் அவர் கழுத்தருகேயுள்ள பிக்கப்பின் ஒலியைச் சிறிது தணித்தார். இரண்டும் முழு அளவில் இயங்கினால் நடு ஒலிகளில் சில ஒன்றையொன்று அழித்துவிடும் என்றும், ஒன்று சற்றே விட்டுக்கொடுத்தால் மற்றது பேசத் தொடங்கும் என்றும் விளக்கினார். அவர் சொன்னவாறே உறுமல் கூர்மையாயிற்று.

தந்தியின் இயல்பும் முக்கியமானது. உருண்டைக் கம்பி சுற்றிய தந்தி மேற்சுரங்களை மிகுதியாகத் தரும்; பட்டைக் கம்பி சுற்றியது அவற்றை அடக்கிவிடும். விரல் வியர்வையும் அழுக்கும் சுற்றுகளின் இடையே படியப்படியத் தந்தி ஊமையாகும். வால்வு ஆம்ப்ளிபயரை அதன் எல்லைவரை உந்தினால் அதுவும் தன் பங்கிற்குக் கரகரப்பைச் சேர்க்கும். எனினும், இவை அனைத்திற்கும் மேலாக, அழுத்தி மீட்டப்பட்ட தந்தி மெட்டுகளின்மீது மெல்ல உரசவேண்டும். உரசல் மிகுந்தால் அது வெறும் சலசலப்பு. முற்றிலும் இல்லையெனில் ஒலியில் உயிர் இல்லை. தம்புராவின் தந்திக்கும் குதிரைக்கும் இடையே ஒரு நூலிழையை நகர்த்தி நகர்த்தி நம் கலைஞர்கள் தேடுவதும் இத்தகைய நுண்ணிய உரசலைத்தான். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ஜீவா.

உறுமாமலே உயர்ந்தவர்களும் உண்டு. டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனப் பாடல்களுக்கு 1960-களில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், பட்டைத் தந்திகளை மாற்றாமல் வைத்திருந்து, ஒற்றை விரலால் கதகதப்பான ஒலியை எழுப்பினார். உலகம் அவருடைய வாசிப்பைக் கேட்டு ஆடியது. ஆனால், இசைத்தட்டின் உறையில் அவர் பெயரைக் காண 1971-ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அடித்தளம் இடுவோர்க்கு நேர்வது பெரும்பாலும் இதுவே.

அந்த அடிக்குரலை மேடையின் முன்வரிசைக்கு அழைத்து வந்தவர் ஜேக்கோ பாஸ்டோரியஸ். பிரிசிஷன் பேஸ் பிறந்த அதே 1951-இல் பிறந்தவர். புளோரிடா மாநிலத்தின் வில்டன் மேனர்ஸ் என்ற சிற்றூரில் கத்தோலிக்கப் பள்ளியில் பயின்று, அதனை ஒட்டிய ஆலயத்தில் பீடச் சிறுவனாய்ப் பணியாற்றியவர். தம் ஜாஸ் பேஸிலிருந்து மெட்டுகளைப் பெயர்த்தெடுத்து, பள்ளங்களை நிரப்பி, படகுகளுக்குப் பூசும் எபாக்சியை அதன் பலகைமேல் பூசினார். கண்ணாடிபோல் இறுகிய அப்பரப்பில் உருண்டைத் தந்தி படிந்து உரசியது. குதிரையை அடுத்த பிக்கப்பை ஓங்கவிட்டு, விரல்களை அதன் அருகிலேயே நிறுத்தி அவர் வாசித்தபோது, உறுமல் பாடலாயிற்று. 1976-இல் வெளிவந்த அவருடைய முதல் இசைத்தட்டைக் கேட்பவர் இதனை உணரலாம். அதில் பேஸ் பின்னணியாய் நிற்கவில்லை. மனிதக் குரல்போல் கதை சொல்கிறது.

ஆனால், அவரது வாழ்வு அவ்வாறு அமையவில்லை. உள்ளம் ஒருகால் கட்டுக்கடங்காமல் உயர்ந்தும் ஒருகால் ஆழத்தில் வீழ்ந்தும் அலைக்கழியும் நோய் அவருக்கு இருப்பதாக 1982-இல் கண்டறியப்பட்டது. மதுவும் சேர்ந்துகொண்டது. உதவ முயன்றவர்கள் இருந்தும், இறுதி ஆண்டுகளில் அவர் வீடற்றவராய்த் தெருவில் திரிந்தார். 1986-இல் நியூயார்க்கில் அந்தப் பேஸும் களவு போயிற்று. 1987 செப்டம்பரில், சிறுவனாய்ப் பீடத்தருகே நின்ற அதே வில்டன் மேனர்ஸில், ஒரு கேளிக்கை விடுதியின் வாயிலில் கடுமையாகத் தாக்கப்பட்டார். அம்மாதம் 21-ஆம் நாள் மருத்துவமனையில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 35. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் களவுபோன கருவி கண்டெடுக்கப்பட்டு, மற்றொரு பேஸ் கலைஞரின் உதவியால் குடும்பத்தின் உரிமைக்கு மீண்டது.

விடுதி வாயிலில் வந்து நின்றவரின் குரலிலும் கரகரப்பு இருந்திருக்கும். மேடையில் அதே கரகரப்பை விலைகொடுத்துக் கேட்டோம். தெருவில் அதற்குத் தொல்லை என்று பெயரிட்டோம். இதை எழுதும்போது நம் நெஞ்சை உறுத்துவது இதுவே.

அன்பர்கள் ஒருமுறை இதைச் செய்துபார்க்கலாம். விருப்பமான பாட்டொன்றை ஒலிக்கச்செய்து, பாடும் குரலை விட்டுவிட்டு அடித்தந்தியை மட்டும் தொடருங்கள். ஒலியைக் கூட்டவேண்டாம், பொறுமையாகச் செவிசாய்த்தால் போதும். சில நிமிடங்களில் அது தனியே பிரிந்து கேட்கும். கேட்கத் தொடங்கியபின் அதை இழக்க மனம் வராது. அவ்வாறு பழகிய செவியோடு நம் வீட்டிற்குள்ளும் தெருவிற்குள்ளும் நுழைவோம். சுமை தாங்கித் தாழ்ந்த குரலில் பேசுவோர் அங்கும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சு சில வேளைகளில் உறுமலாகத் தோன்றலாம். அதற்காக எழுந்து சென்றுவிடாமல், சற்றே அருகில் அமர்வோம்.