கொய்யாச் சந்தையும் மரத்தடி வகுப்பும்

பழனியிலிருந்து திண்டுக்கல் சாலையில் ஆறேழு கிலோமீட்டர் வந்தால் ஆயக்குடி. பழைய ஆயக்குடி, புது ஆயக்குடி என்று பிரித்துச் சொல்வார்கள், பேரூராட்சி ஒன்றுதான். ஒரு காலத்தில் பாளையக்காரர்கள் ஆண்ட ஊர். தெற்கே கொடைக்கானல் மலை, அடிவாரத்தில் வரதமாநதி அணை, அந்தத் தண்ணீரை நம்பிய குளங்கள், குளங்களைச் சுற்றித் தோப்புகள். தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி நடப்பவர்களுக்கு ஆயக்குடி என்றாலே கொய்யாதான் நினைவுக்கு வரும்.

விடியற்காலையில் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். தோப்பிலிருந்து வந்த காய் தரம் பிரிகிறது, பெட்டியில் ஏறுகிறது, பேரம் முடிகிறது, கேரளத்துக்கு வண்டி கிளம்புகிறது. கொய்யா காத்திருக்காது. இரண்டு மூன்று நாளில் கனிந்துவிடும். அதற்குள் விற்றாக வேண்டும். வரத்து கூடினால் விலை சரியும், பறிகூலிக்கே கட்டாது. பழச்சாறு ஆலை வேண்டும் என்ற கோரிக்கை இங்கே நெடுநாளாக ஒலிப்பது இதனால்தான்.

இந்த ஊருக்கு இன்னொரு பெயரும் உண்டு. மக்கள் மன்றத்தின் இலவசப் பயிற்சி மையம், பலரும் ‘மரத்தடி மையம்’ என்று சொல்வது, டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு நன்கு தெரியும். கட்டணம் இல்லை. வார விடுமுறைகளில் வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வருகிறார்கள். காசு கட்டிப் படிக்க வழியில்லாத வீடுகளில் அரசு வேலையைச் சேர்த்த மையம் அது. இதைவிடப் பெரிய கொடை ஓர் ஊர் செய்ய முடியுமா என்று தோன்றும்.

ஆனாலும் கணக்கைப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2024 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. பின்னர் கூட்டினார்கள். விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். மற்றவர்களுக்கு என்ன வழி என்ற கேள்வியைப் பள்ளிக்கூடத்திலேயே, பத்தாம் வகுப்பிலேயே எடுத்தாக வேண்டும்.

அதற்கான முயற்சிகள் வந்திருக்கின்றன. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் நிறுவனங்களையும் கல்வி நிலையங்களையும் ஒன்றுசேர்க்கிறது. ‘கல்லூரிக் கனவு’ என்று ப்ளஸ் டூ மாணவர்களுக்கு வழிகாட்டுகிறது. ஹெச்.சி.எல். நிறுவனம் ‘டெக் பீ’ என்ற பெயரில், கணக்குப் படித்த ப்ளஸ் டூ பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி தந்து வேலையில் அமர்த்துகிறது. வேலை பார்த்தபடியே பட்டமும் படிக்கலாம். நல்ல ஏற்பாடுகள். ஆனால் அந்த வேலை இருப்பது மதுரையிலும் சென்னையிலும். ஆயக்குடியின் தொழில் எங்கே?

ப்ளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுப்பது என்று தீர்மானிக்கும் அந்த ஒரு வாரம்தான் பல வாழ்க்கைகளைத் திருப்புகிறது. ஆறாம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. வேளாண்மையும் அதில் அடக்கம். பெரியகுளத்திலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. கொய்யா பறிக்கும் வீட்டுப் பெண் அங்கே படித்து, பதப்படுத்தும் தொழிலுக்கு வரலாம். அதற்கு அறிவியல் குரூப் எடுக்க வேண்டும் என்பது அவளுக்குப் பதினைந்து வயதிலேயே தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்ல, பள்ளிக்குள் தொழில் தெரிந்தவர்கள் வர வேண்டும்.

தொழில் செய்பவர்கள் பள்ளிக்கு வருவது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. கோயம்புத்தூர் பீளமேட்டில் பி.எஸ்.ஜி. குடும்பத்தின் நான்கு சகோதரர்கள் சொத்தை ஐந்தாகப் பங்கிட்டு, ஐந்தாவது பங்கை அறத்துக்கு ஒதுக்கினார்கள். 1926-இல் அறநிலையமும் தொழிற்பயிற்சி நிலையமும் பிறந்தன. மில்லுக்கும் பட்டறைக்கும் ஆள் அங்கிருந்து வந்தார்கள்.

ஆயக்குடியில் அவ்வளவு பெரிய சொத்து வேண்டியதில்லை. மண்டிக்காரர்கள் பருவத்தில் சில நாள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைச் சந்தைக்குள் அழைத்து, விலை எப்படி விழுகிறது, கழிவு எவ்வளவு போகிறது, வரவு செலவு எப்படி எழுதுகிறார்கள் என்று காட்டலாம். தோப்புக்காரர்கள் தோட்டக்கலை படிக்கப் போகும் பிள்ளைக்கு விடுமுறைப் பயிற்சியும் பஸ் செலவும் தரலாம். பழனி, ஒட்டன்சத்திரம் வியாபாரிகளும் சேரலாம். பழச்சாறு ஆலை நாளைக்கே வந்தாலும் அதை நடத்தத் தெரிந்தவர்கள் இந்த ஊர்ப் பிள்ளைகளாக இருக்க வேண்டாமா? மரத்தடியில் இலவசமாகப் பாடம் சொல்ல ஆள் திரட்டிய ஊர் இது. அடுத்த பள்ளி ஆண்டு தொடங்குவதற்குள் மண்டிச் சங்கமும் தலைமை ஆசிரியர்களும் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள்.